பேரேட்டில் ஜகாத் எந்தப் பக்கம்?

மண்ணடியில் கணக்கு எழுதுகிறவனுக்கு வருஷக் கடைசி இரண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த மார்ச் 31. மற்றது வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்து வரும். பெரும்பாலான கடைகளில் அதை ரமலானில் வைத்திருப்பார்கள். ரஜப், முஹர்ரம் என்று வைத்திருப்பவர்களும் உண்டு. அன்றைக்குக் கிடங்கில் இருக்கும் சரக்கு, கல்லாவில் இருக்கும் ரொக்கம், வங்கி இருப்பு, வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய கடன் எல்லாம் ஒரே தாளில் வந்து நிற்க வேண்டும். அதுதான், வசதியுள்ள முஸ்லிம்கள் வருஷா வருஷம் கொடுத்தாக வேண்டிய ஜகாத்தின் கணக்கு.

காலையில் மண்ணடியில் ஒரு ஹார்டுவேர் கடை, மதியத்துக்கு மேல் பெரியமேட்டில் ஒரு தோல் மண்டி, சில நாள் சாயங்காலம் ஒரு ஜவுளிக் கடை என்று பல இடங்களில் எழுதிப் பிழைத்தவன் நான். நெற்றியில் திருநீறு இருக்கும். முதலாளிமார்கள் ‘கணக்கரய்யா’ என்பார்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் மாமா. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடையே கிளம்பிப் போகும்போது கல்லாச் சாவி என் கையில் இருக்கும். இஸ்லாத்தைப் பற்றி எந்த ஓதப்பள்ளியிலும் நான் உட்கார்ந்து படித்ததில்லை. தெரிந்த கொஞ்சநஞ்சமும் பேரேட்டின் வழியாக வந்தது. ஒரு சொல் எந்தத் தலைப்பில், எந்தப் பக்கத்தில் போய் உட்காருகிறது என்று பார்த்தால் போதும், அதை அவர்கள் என்னவாக நினைக்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

ஹார்டுவேர் கடையில் எனக்கு முன்னால் எழுதியவர் விட்டுப்போன சிவப்பு பைண்டிங் பேரேட்டில் ‘தர்மக் கணக்கு’ என்று ஒரு பக்கம் இருந்தது. பள்ளிவாசல் பாய்க்கு இவ்வளவு, ஊர் மதரசாவுக்கு இவ்வளவு, வாசலில் வந்து நின்றவருக்கு இவ்வளவு என்று சதகா கொடுத்ததெல்லாம் அதில் இருக்கும். ஜகாத்தை அங்கே தேடினால் கிடைக்காது. ஆணிக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியது, பெயிண்ட் ஏஜென்ஸிக்குக் கொடுக்க வேண்டியது என்று கடன்காரர்கள் வரிசையாக இருக்கும் பகுதியில், அவர்களோடு ஒருவராக ‘ஜகாத்’ என்று ஒரு கணக்கு. ரமலான் முதல் தேதியில் முழுத் தொகையும் வரவு வைத்திருக்கும். கொடுக்கக் கொடுக்கப் பற்று எழுதி, பூஜ்யமானதும் அடியில் இரட்டைக் கோடு.

கீழக்கரைக்காரர் முதலாளி. அவரிடமே கேட்டேன்.

“தர்மத்தை ஏன் பாய் கடன்காரங்க வரிசையில வெச்சிருக்கு?”

“தர்மம்னு யார் சொன்னா? கணக்குப் பார்த்து முடிச்ச நிமிஷத்துலருந்து அது என் காசு இல்லய்யா. ஏழையோட ஹக்கு. என் பெட்டியில கெடக்கு, அவ்வளவுதான்.”

அது அவருடைய சொந்த வியாக்கியானம் இல்லை. செல்வந்தர்களின் பொருளில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் குறிப்பிட்ட ஹக்கு, அதாவது உரிமை, உண்டு என்று குர்ஆனின் 70ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. நபிகள் நாயகம் காலமான பிறகு, தொழுவோம் ஆனால் ஜகாத் தரமாட்டோம் என்று சில கூட்டத்தார் நின்றபோது, முதல் கலீஃபா அபூபக்கர் அவர்கள் மேல் படையெடுத்தார். தர்மம் தராதவன் மேல் யாரும் படையெடுப்பதில்லை. பாக்கி வைத்தவனிடம்தான் வசூலுக்குப் போவார்கள்.

இந்தப் பக்க மாற்றம் வெறும் எழுத்துவேலை இல்லை என்பது கொடுக்கிற விதத்தில் தெரியும். கடனைத் திருப்புகிறவன் நன்றியை எதிர்பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. என் முதலாளி ராத்திரி தராவீஹ் தொழுகை முடிந்து வரும்போது உறைகளைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பார். உறைமேல் கடைப் பெயர்கூட இருக்காது. அதே மண்ணடியில் வாசலில் வரிசை நிறுத்தி, டோக்கன் கொடுத்து, படம் பிடித்துக் கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். சொல்லிக் காட்டியும் மனம் நோகவைத்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்று குர்ஆன் சொல்லும் இடத்தை அவர்களும் ஓதித்தான் இருப்பார்கள்.

இனி அளவு. கையில் ஒரு குறைந்தபட்சத் தொகை இருந்து, சந்திர வருஷம் ஒன்று கடந்தால் நூற்றுக்கு இரண்டரை. அந்தக் குறைந்தபட்சத்துக்கு நிஸாப் என்று பெயர். நம் பக்கத்தில் தங்கத்தில் 87.48 கிராம் என்று சொல்வார்கள்; பதினோரு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. வெள்ளியில் 612.36 கிராம். நபிகள் காலத்தில் இந்த இரண்டும் ஏறக்குறைய ஒரே மதிப்பு. இன்றைக்கு வெள்ளி அடிமட்டத்தில், தங்கம் மாடியில். வெள்ளியை வைத்துப் பார்த்தால் டீக்கடைக்காரரும் ஜகாத் கொடுக்க வேண்டியவர், தங்கத்தை வைத்துப் பார்த்தால் சின்ன மளிகைக் கடைக்காரர் வாங்கத் தகுந்தவர். ஏழைக்கு எது நல்லதோ அதை எடு என்று வெள்ளியைச் சொல்லும் ஆலிம்கள் உண்டு, தங்கத்தைச் சொல்பவர்களும் உண்டு. நான் முதலாளி சொன்னதை எழுதுவேன்.

சந்திர வருஷம் என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜவுளிக் கடைக்காரர், “எப்படியும் மார்ச்சுல ஸ்டாக் எடுக்கிறோம், அதையே வெச்சு இரண்டரை போட்டுடுங்களேன்” என்றார். வேலை மிச்சம்தான். ஆனால் சந்திர வருஷத்துக்கு 354 நாள். 33 ஆங்கில வருஷத்துக்குள் 34 சந்திர வருஷம் ஓடிவிடும். அவர் சொன்னபடி செய்தால் ஒரு முழு வருஷத்து ஜகாத் ஓசைப்படாமல் காணாமல் போகும். மார்ச்தான் வசதி என்றால் இரண்டரைக்குப் பதில் 2.577 போட வேண்டும். இதை அவருக்கு விளக்கியபோது, “எனக்கு வாத்தியார் ஐயாவா வந்துட்டீங்க” என்று சிரித்தார். அந்த வருஷத்திலிருந்து 2.577தான்.

தோல் மண்டிக் கணக்குதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பெரியமேட்டில் இருந்தது விற்பனை இடம். பதனிடும் ஷெட் வாணியம்பாடியில். ஜகாத் கணக்குக்கு நானே ரயிலேறிப் போவேன். ஆட்டுத் தோல் உப்புப் போட்டு அடுக்கியிருக்கும், சில ஊறலில் கிடக்கும், சில சுண்ணாம்புக் குழியில், சில பட்டைத் தண்ணீரில், சில முடிந்து தயாராக. ஒரு பக்கம் வாட்டில் பட்டை மூட்டைகள், கடுக்காய், எண்ணெய் டின்கள், சுண்ணாம்பு, உப்பு. இயந்திரமும் தொட்டியும் கட்டடமும் ஜகாத்தில் சேராது. அவை சம்பாதிக்க உதவும் கருவிகள், விற்கிற பொருள் இல்லை. அதில் சிக்கல் கிடையாது. சரக்கு எது, கருவி எது என்று பிரிப்பதில்தான் சிக்கல். பட்டை மூட்டையை நாம் விற்பதில்லை, தோலுக்குள் போடுகிறோம். அப்படியானால் அது சரக்கா?

முதலாளி ஊரில் இருந்த மார்க்க அறிஞரான அஜரத்திடம் கூட்டிப் போனார். வயதானவர், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து என் பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு சொன்னார்:

“துணிக்குச் சாயம் போடறவன் சாயம் வாங்கி வெச்சிருக்கான். அது துணியில ஏறி நிக்குது, துணியோட விலை போகுது. அதுக்கு ஜகாத் உண்டு. துணி வெளுக்கறவன் சவுக்காரம் வாங்கி வெச்சிருக்கான். அது அழுக்கோட ஆத்துல போயிடுது. அதுக்கு ஜகாத் இல்ல. இப்ப உங்க பட்டியல நீங்களே பிரிங்க.”

பிரித்தேன். பட்டையும் கடுக்காயும் எண்ணெயும் தோலில் தங்குகிறவை: உள்ளே. சுண்ணாம்பு முடியைக் கழற்றிவிட்டுக் கழுவலில் போய்விடும்: வெளியே. உப்பு தோலைக் கெடாமல் வைத்திருந்துவிட்டு ஊறலிலேயே கரைந்துபோகும்: வெளியே. இது ஹனஃபி சட்ட நூல்களில் பல நூற்றாண்டுகளாக இருக்கிற பிரிப்பு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மூலப்பொருள், நுகர்பொருள் என்று காஸ்ட் அக்கவுண்டன்சியில் படித்த பாகுபாட்டைவிட இது எனக்குத் தெளிவாக இருந்தது.

பாதி வெந்த தோலுக்கு என்ன விலை போடுவது? வாங்கிய விலையா, முடிந்தால் விற்கிற விலையா? இரண்டும் இல்லை. இன்றைய தேதிக்கு, இன்றைய நிலையில், குழியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் என்ன விலைக்கு ஒருவன் வாங்குவான் என்று பார்க்க வேண்டும். வருமான வரிக்கு அடக்க விலை, சந்தை விலை இரண்டில் குறைந்ததைப் போடுவோம். ஜகாத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. விலை ஏறியிருந்தால் ஏறிய விலைதான். அதனால் ஒரே கிடங்கின் சரக்குக்கு என் பையில் இரண்டு மதிப்பு இருக்கும். ஆடிட்டர் பையன் ஒருமுறை அந்த இரண்டாவது தாளைப் பார்த்துவிட்டுத் திகைத்தான். “தம்பி, அது மேலே இருக்கிற டிபார்ட்மெண்டுக்கு” என்றார் முதலாளி.

மண்ணடியிலும் பெரியமேட்டிலும் மாறி மாறி எழுதியதில் இன்னொன்று பார்த்தேன். கடலோரத்து ஆட்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப் என்ற சட்ட மரபு, வாணியம்பாடிப் பக்கத்துத் தோல்காரர்கள் ஹனஃபி. ஹனஃபிகளுக்கு மனைவி கழுத்தில் கிடக்கும் நகைக்கும் ஜகாத் உண்டு, ஆனால் தன் கடனைக் கழித்துக்கொண்டு மீதிக்குக் கணக்குப் பார்க்கலாம். ஷாஃபிகளுக்கு அணிகிற நகைக்கு ஜகாத் இல்லை, ஆனால் கடன் இருக்கிறது என்று கழித்துக்கொள்ள முடியாது. ஒரே சொத்து, ஒரே கடன் உள்ள இரண்டு பேருக்கு நான் போட்ட தொகை வேறு வேறாக வரும். இரண்டு பேரும் மற்றவர் வழி தப்பு என்று சொன்னதில்லை. நகைக்கு ஷாஃபி, கடனுக்கு ஹனஃபி என்று நமக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாமா என்று ஜவுளிக் கடைக்காரர் வேடிக்கையாகக் கேட்டார். கேள்வி வேடிக்கைதான், முகம் அவ்வளவு வேடிக்கையாக இல்லை. அஜரத்திடம் கேட்டுவிட்டு வாங்க, எழுதுகிறேன் என்றேன். போகவில்லை.

யாருக்குக் கொடுப்பது என்பதற்கும் பட்டியல் உண்டு. 9ஆம் அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எட்டு வகையினரைச் சொல்கிறது: வறியவர், ஏழை, ஜகாத்தை வசூலிக்கும் ஊழியர், மனம் இணக்கப்பட வேண்டியவர், அடிமைத் தளையிலிருந்து விடுபட வேண்டியவர், கடனில் மூழ்கியவர், இறைவழியில் இருப்பவர், வழிப்போக்கர். பள்ளிவாசல் கட்டடம் இதில் வராது என்று எங்கள் முதலாளிமார்கள் உறுதியாக இருந்தார்கள். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்க முடியாது, அவர்களைக் காப்பாற்றுவது ஏற்கெனவே கடமை. வசதியில்லாத உடன்பிறந்தவருக்குக் கொடுக்கலாம். எனக்குக் கிடையாது என்று கீழக்கரைக்காரரே சொன்னார்; ஜகாத் முஸ்லிம்களில் ஏழைகளுக்கு என்பது அவர்கள் வழி. சதகாவுக்கு அந்த வேலி இல்லை. என் பெண்ணுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டியது அந்தத் தர்மக் கணக்கிலிருந்துதான். பற்று எழுதியவனும் நான்தான்.

நல்லது செய்வதாக நினைத்துக் குறுக்குவழி போவதும் நடக்கும். ஒரு ரமலானில் ஜவுளிக் கடைக்காரர் கடைப் பையன்களுக்குப் பெருநாள் போனஸை ஜகாத்திலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொன்னார். பையன்கள் ஏழைகள், காசு ஏழைக்குத்தானே போகிறது என்பது அவர் வாதம். பள்ளிவாசல் இமாம் ஒரே கேள்வி கேட்டார்: “நீங்க ஜகாத்துல கொடுக்கலைன்னா, இந்த போனஸை அவங்க எதிர்பார்ப்பாங்களா?” எதிர்பார்ப்பார்கள். வருஷா வருஷம் கொடுப்பதுதான். “அப்ப அது அவங்க உழைச்ச காசு. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடனுக்கு வெச்ச காசை எடுக்கறீங்க.” போனஸ் சம்பளத் தலைப்புக்குத் திரும்பிப் போனது. பையன்களில் ஒருவனுக்குத் தாயார் டயாலிசிஸில் இருந்தார். அவனுக்கு மட்டும் போனஸுக்கு மேல் ஜகாத்தும் போனது.

இன்னொரு குறுக்குவழி: வராத பாக்கியை ஜகாத்தில் கழிப்பது. பழவேற்காடு பக்கத்திலிருந்து ஒரு சின்ன கடைக்காரர் ஹார்டுவேர் கடையில் பெயிண்ட்டும் கயிறும் எடுத்துவிட்டு நொடித்துப் போனார். உண்மையிலேயே ஏழையாகிவிட்டார். அவர் பாக்கியைத் தள்ளுபடி செய்து, அதையே அந்த வருஷ ஜகாத்தாக எழுதிவிடலாமா? கூடாது. கைக்குக் கொடுத்தால்தான் ஜகாத், மன்னித்தது கொடுத்ததாகாது. வேண்டுமானால் அவர் கையில் நிபந்தனை இல்லாமல் ஜகாத்தைக் கொடு, அதை வைத்து அவர் கடனைத் திருப்பினால் அவர் இஷ்டம், அரிசி வாங்கினாலும் அவர் இஷ்டம். முதலாளி கொடுத்தார். அவர் அரிசிதான் வாங்கியிருக்க வேண்டும். பாக்கிக்கு ஒரு பைசா வரவில்லை. கஷ்டத்தில் இருக்கிறவனுக்கு வசதி வரும்வரை தவணை கொடு, விட்டுவிட்டால் இன்னும் நல்லது என்று இரண்டாம் அத்தியாயத்தில் இருப்பதைச் சொல்லி, பாக்கியைத் தனியே தள்ளுபடி செய்யச் சொன்னார் முதலாளி. அதுவரை அந்தப் பக்கம் திறந்தே இருந்தது.

அந்த வசனத்துக்குச் சற்றுத் தள்ளி வருவதுதான் குர்ஆனின் மிக நீளமான வசனம், 2:282. தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. கடன் கொடுத்தால் எழுதி வை, எழுதுகிறவன் நேர்மையாக எழுதட்டும், எழுத மறுக்க வேண்டாம், சாட்சி வை, சின்னத் தொகை என்று அலட்சியம் செய்யாதே என்று போகிறது. கணக்குப்பிள்ளைக்கென்று ஒரு வேதத்தில் இவ்வளவு இடம் ஒதுக்கியிருப்பதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அந்தக் கர்வத்தை வட்டிக் கணக்கு இறக்கியது. வட்டி வாங்குகிறவர், கொடுக்கிறவர், அதை எழுதுகிறவர், சாட்சிகள் எல்லோரும் ஒன்றுதான் என்று நபிகள் சபித்ததாக ஹதீஸ் உண்டு. தோல்மண்டி முதலாளி, சேமிப்புக் கணக்கில் வங்கி போட்ட வட்டியை நான் எழுத விடமாட்டார். பாஸ்புக்கை வாங்கி, பேரேட்டைத் தன் பக்கம் திருப்பி, அந்த ஒரு வரியை மட்டும் தன் கையால் எழுதுவார். “இந்தப் பாவத்துல உங்களுக்குப் பங்கு வேணாம்யா” என்பார். என் சாய்வெழுத்துக்கு நடுவே அவருடைய கோணல் எழுத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைகாட்டும். தலைப்பு: ‘வட்டி - நமதல்ல’. அந்தப் பணம் லாபத்தில் சேராது, ஜகாத்தாகவும் போகாது. நன்மையை எதிர்பார்க்காமல், தேவைப்பட்டவரின் ஆஸ்பத்திரி பில்லுக்கோ வேறெதற்கோ கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார். டேலி மென்பொருள் வந்த பிறகு கையெழுத்துக்கு இடமில்லை. அவர் வந்து எண்டர் பொத்தானை மட்டும் தட்டிவிட்டுப் போவார்.

எல்லோரும் இப்படி என்று சொன்னால் மண்ணடியே சிரிக்கும். ஓவர்டிராஃப்ட் வைத்திருந்தவர்களுக்கும் நான் எழுதியிருக்கிறேன், மாதா மாதம் வட்டிச் செலவு போட்டிருக்கிறேன். நிர்ப்பந்தம் என்பார்கள். சிலருக்கு நிஜமாகவே நிர்ப்பந்தம், சிலருக்கு மூன்றாவது கடை திறக்கிற அவசரம்.

அமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பேரேட்டிலேயே வராத கணக்கு. ஹஜ்ஜுக்குப் போகிறவர், துபாய்க்குப் போகிறவர், பெண் கல்யாணத்துக்குச் சிறுகச் சிறுகச் சேர்க்கிற விதவை எல்லோரும் கீழக்கரைக்காரரிடம் பணத்தைக் கொடுத்து வைப்பார்கள். பழுப்புத் தாளில் சுற்றி, சணல் கட்டி, மேலே பெயர் எழுதி இரும்புப் பெட்டியின் அடித்தட்டில் வைப்பார். அடுத்த தெருவில் இருந்து ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை வாங்கி வர ஆளனுப்புவாரே தவிர, அந்தக் கட்டைப் பிரித்து மாற்றமாட்டார். தொட்டால் அதன் சட்டம் மாறிவிடும் என்பார். தொடாமல் பத்திரமாக வைத்திருந்து, தன் அஜாக்கிரதை இல்லாமல் திருடு போனால் அவர் மேல் பொறுப்பில்லை. கொடுத்தவர் அனுமதியோடு வியாபாரத்தில் போட்டால் அது கடன். அப்போது பேரேட்டில் வரும், தீப்பிடித்தாலும் திருப்பியாக வேண்டும். அனுமதி இல்லாமல் தொட்டால் மோசடி. ஹனஃபிகளின் இமாம் அபூஹனீஃபாவே கூஃபா நகரத்தில் துணி வியாபாரிதான், அவரிடமும் ஊரார் அமானத் வைத்திருந்தார்கள் என்று அஜரத் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தச் சட்டமெல்லாம் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தவர் யோசித்தது போலத்தான் இருக்கிறது.

2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் காலை நான் போகும்போது கடை ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. முதலாளி இரும்புப் பெட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கடைப் பணத்தைப் பற்றிக் கவலையில்லை. பில் இருக்கிறது, வங்கியில் போடலாம். அடித்தட்டுக் கட்டுகளுக்கு என்ன செய்வது? பிரிக்காமல் வைத்திருந்தால் டிசம்பர் 30க்குப் பிறகு வெறும் காகிதம். பிரித்துத் தன் கணக்கில் போட்டால் தொட்டதாகிவிடும், வருமான வரிக்காரர் கேட்டால் யார் பணம் என்று வேறு சொல்ல வேண்டும்.

ஆயிரமாக இருந்தாலும் ஐம்பதாயிரமாக இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். வந்து வாங்கிக்கொண்டு அவரவர் கணக்கில் போடச் சொன்னார். வெளிநாட்டில் இருந்தவர்களின் வீட்டாரை வரவழைத்து, போனில் அவர்கள் வாயால் அனுமதி கேட்டு, என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டு கட்டை ஒப்படைத்தார். ஒரு கிழவிக்கு வங்கிக் கணக்கே கிடையாது. கடைப் பையனை ஆட்டோவில் கூட அனுப்பிக் கணக்குத் திறக்க வைத்தார். ‘நீயே மாத்திக் குடுத்துடு வாப்பா’ என்று கிழவி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கடை வியாபாரம் படுத்துக் கிடந்த அந்த வாரம் முழுக்க இதே வேலை. கடைசிக் கட்டு போன பிறகுதான் கடைப் பணத்தை வங்கியில் கட்ட என்னை அனுப்பினார், அதற்குள் வரிசை பாதித் தெருவுக்கு வந்திருந்தது.

அவர் சில வருஷம் கழித்து இறந்தார். ஜனாஸாத் தொழுகைக்கு முன் மூத்த மகன் ஜமாஅத்தைப் பார்த்து நின்று, வாப்பா யாருக்காவது தர வேண்டியிருந்தால் எங்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னார். எல்லா ஜனாஸாவிலும் சொல்வதுதான். கடன் வைத்து இறந்த ஒருவருக்கு, அந்தக் கடனை இன்னொருவர் ஏற்கும்வரை நபிகள் தொழவைக்க முன்வரவில்லை என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். பிறகு மூன்று பேர் சீட்டோடு வந்தார்கள். மூன்றும் என் பேரேட்டில் இருந்தது.

சொத்துப் பிரிக்கும் வரிசை எனக்கு மனப்பாடம்: அடக்கச் செலவு, கடன், மரண சாசனம் இருந்தால் மூன்றில் ஒன்றுக்கு மேற்படாமல், மீதி வாரிசுகளுக்கு. கடன் என்றதும் நான் நிக்காஹ் பதிவைக் கேட்டேன். கணவன் மனைவிக்குக் கொடுக்க வேண்டிய மஹர் ஐந்து பவுன் என்று இருந்தது, கொடுத்ததற்குக் குறிப்பு இல்லை, அம்மாவுக்கும் வாங்கிய நினைவில்லை. அப்படியானால் மனைவி முதலில் கடன்காரர், பிறகுதான் வாரிசு. ஐந்து பவுனை எடுத்து வைத்துவிட்டு மீதியைப் பிரித்தோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, ஆணுக்குப் பெண்ணைப் போல் இரு பங்கு. ஒரு மனைவி, இரண்டு மகன், ஒரு மகள் என்றால் மொத்தத்தை 40 பங்காக்க வேண்டும்: அம்மாவுக்கு 5, மகன்களுக்கு 14, 14, மகளுக்கு 7. காகிதத்தில் ஐந்து நிமிஷ வேலை.

காகிதத்தை விட்டு இறங்கினால்தான் நான் பார்த்ததிலேயே பெரிய ஓட்டை இருக்கிறது. ரூபாய் பைசா சுத்தமாக ஜகாத் கொடுக்கிற வீடுகளில்கூட அக்காள் தங்கையின் பங்கு வருஷக்கணக்கில் கடைக்குள்ளேயே கிடக்கும். யாரும் மறுப்பதில்லை. கொடுப்பதும் இல்லை. பங்கின் அளவு குர்ஆனிலேயே எழுதியிருக்கிறது, ஆனாலும் ‘அவங்க கேக்கலியே’ என்பார்கள். கேட்டால் பிறந்த வீட்டு வாசல் சுருங்கிவிடுமோ என்ற பயத்தில் பெண்கள் கேட்பதில்லை. இந்த வீட்டிலும் அதே பேச்சு வந்தது. “ராத்தா பங்கு எங்கய்யா போகப்போவுது, கடையிலதானே இருக்கு” என்றார் இளையவர்.

“கடையில இருக்கட்டும் தம்பி. எந்தக் கணக்குல இருக்குன்னு சொல்லுங்க. கடன்னு வெச்சா தேதி போட்டுத் திருப்பணும். அமானத்னு வெச்சா நீங்க அதுல சரக்கு வாங்க முடியாது. முதல்னு வெச்சா அவங்களும் பங்குதாரர், லாபத்துல பங்கு எழுதணும். மூணுல ஒண்ணு சொல்லுங்க, பக்கம் திறக்கிறேன்.”

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போன் போட்டு ராத்தாவையே கேட்டார்கள். முதலாகவே இருக்கட்டும் என்றார். ஆடிட்டரிடம் சொல்லிப் பங்குதாரர் பத்திரம் புதிதாக எழுதினோம், அவர் பெயரில் மூலதனக் கணக்கு திறந்தேன். மார்ச் 31 வந்ததும் லாபத்தில் அவர் பங்கை வரவு வைக்கிறேன். ரமலானுக்கு முன்னால் அவரே கீழக்கரையிலிருந்து கூப்பிடுகிறார்: “கணக்கர் மாமா, என் பங்குக்கு ஜகாத் எவ்வளவு வருது? தம்பிங்க கணக்குல சேர்த்துடாதீங்க, நானே கொடுத்துக்கிறேன்.”